நட்டம் யார் பெயரில்? (வாசகர் கேள்வி–பதில்)

சென்ற இதழில் இப்பகுதியில், ஏழைக்கும் செல்வருக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருமானத்தில் மட்டும் இல்லை, நட்டம் வந்தால் அதை இறக்கிவைக்க இடம் இருப்பதிலும் இல்லாததிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த கடிதங்கள் மிகுதி. மறுத்து எழுதியவர்களே அதிகம். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிறுகடன் திட்டத்துக்கு நோபல் பரிசே கிடைத்தது. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்குக் கடன் கிடைத்ததே பெரிய மாற்றம் அல்லவா? அதையும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: கதை தொடங்கிய இடத்துக்கே போவோம். 1976 இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி முடையும் பெண்களுக்கு மூங்கில் வாங்கக் கையில் காசில்லை. வியாபாரியிடம் கடன் வாங்கி மூங்கில் வாங்குவார்கள். முடைந்த முக்காலியை அதே வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் கணக்கெடுத்தபோது, அப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் மொத்தக் கடன் 27 டாலர்தான். அதைத் தம் பையிலிருந்து கொடுத்தார். அந்த முயற்சி வளர்ந்து 1983 இல் கிராமீன் வங்கியாயிற்று; 2006 இல் யூனுஸும் அவ்வங்கியும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்தக் கதையில் நான் குறிப்பாகக் கவனிப்பது, கடன் கொடுத்தவரும் சரக்கு வாங்கியவரும் ஒரே ஆளாக இருந்ததை. அந்தப் பெண்களைக் கட்டிப்போட்டிருந்தது அந்தப் பிடிதான். 27 டாலர் அதை அறுத்தது. ஆனால் கதை உலகம் சுற்றி வந்தபோது பிடி மறைந்து கடன் மட்டும் மிஞ்சியது. 'ஏழை ஒவ்வொருவரும் பிறவித் தொழில்முனைவர், முதல் மட்டும்தான் குறை' என்ற நம்பிக்கை வளர்ந்தது. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015 இல் ஒருசேர வெளியாயின. சிலர் தொழிலை விரிவாக்கினர், செலவைத் திட்டமிடுவதில் சிலருக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் குடும்ப வருமானம் சராசரியாகக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததற்குச் சான்று இல்லை. கடனால் பரவலாக அழிந்துபோனார்கள் என்பதற்கும் அங்கே சான்று இல்லை என்பதை நேர்மையாகச் சேர்த்தே சொல்ல வேண்டும். வியப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஓர் ஊருக்குப் பத்தாவது தையல் இயந்திரம் வந்தால், தைக்கக் கொடுப்பவர்கள் கூடிவிட மாட்டார்கள், தையற்கூலிதான் இறங்கும்.

இனி நிபந்தனைக்கு வருவோம். பல சிறுகடன் நிறுவனங்களில் ஐந்து பேரோ பத்துப் பேரோ குழுவாகச் சேர்ந்தால்தான் கடன். ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரக் கூட்டத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்க, ஒருத்தியின் பணம் மட்டும் குறைகிறது. அது எண்ணி நிறையும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கடன் தங்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று, அவளைக் கடிந்துகொள்வது அலுவலர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரிதான். வசூல் செலவை வாங்கியவர்களின் தலையிலேயே கட்டிவிடும் இந்த ஏற்பாட்டுக்குக் 'கூட்டுப் பொறுப்பு' என்று பெயர்.

இதைப் பங்குதாரரின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 1855 இல் வந்த சட்டம் வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற பாதுகாப்பை நிறுவனங்களுக்குப் பரவலாகத் திறந்துவிட்டது. நிறுவனம் எத்தனை கோடி கடனில் மூழ்கினாலும், பங்குதாரர் போட்ட முதலுக்கு மேல் அவரிடம் ஒரு காசு கேட்க முடியாது. தன் கடனுக்கே முழுப் பொறுப்பேற்க வேண்டாம் என்று வசதி படைத்தவருக்குச் சொன்ன அதே நிதியுலகம், வறிய பெண்ணிடம் அடுத்தவள் கடனுக்கும் நீயே பொறுப்பு என்கிறது. இரண்டும் சில இடங்களில் ஒரே கூரையின் கீழ் நடந்தன என்பதுதான் வேடிக்கை. மெக்சிகோவில் ஏழைப் பெண்களுக்கு ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் வட்டியில் கடன் கொடுத்த ஒரு வங்கி 2007 இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, தொடக்கத்தில் முதலீடு செய்தவர்கள் பெரும் செல்வம் ஈட்டினர். யூனுஸே அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

கேள்வி: ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்லித் தந்த கடனைத் தவணை தவறாமல் அடைத்துவிட்டேன். நான் கட்டியது ஏறக்குறைய 22 சதவீதம் என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: உங்கள் கடன் 'ஃபிளாட் ரேட்' முறையில் தரப்பட்டது என்றால், நண்பர் சொல்வது சரி. 1,000 வாங்குகிறீர்கள், நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றே. வட்டி 120. மொத்தம் 1,120 ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 93 சொச்சம் கட்டுகிறீர்கள். முதல் மாத முடிவிலேயே அசலில் 83 குறைந்துவிடுகிறது. ஆறாவது மாதம் முடியும்போது உங்களிடம் மீதி இருப்பது 500 தான். ஆனால் வட்டியோ கடைசி மாதம்வரை முழு 1,000 உம் உங்களிடமே இருந்ததுபோலப் போடப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக உங்களிடம் இருந்த பணம் 542. அதற்கு 120 வட்டி என்றால் 22 சதவீதம். கடன் கொடுக்கும்போதே 'செயல்முறைக் கட்டணம்', 'காப்பீடு' என்று 30 பிடித்துக்கொண்டு 970 கையில் கொடுத்திருந்தால் விகிதம் இன்னும் ஏறும்.

வட்டி குட்டி போடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் சொல்லழகு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பண்டைய கிரேக்க மொழியில் வட்டிக்கும் ஈன்ற குட்டிக்கும் 'டோக்கோஸ்' என்ற ஒரே சொல்தான். தொடர்பே இல்லாத இரு மொழிக்காரர்களுக்கு ஒரே உவமை தோன்றியிருக்கிறது என்றால், வட்டிக்காரரின் வாசலில் நின்ற அனுபவமும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: வட்டிக்கு உச்சவரம்பு போட்டால் கடன் கொடுப்பவர்கள் விலகிவிடுவார்கள், ஏழை இன்னும் மோசமான கந்துவட்டிக்காரரிடம் போவார். நல்லெண்ணம் தீமையில் முடியாதா?

பதில்: வலுவான வாதம், அனுபவத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அமெரிக்காவில் சம்பள நாள்வரை தரப்படும் குறுங்கடன் ஒன்று உண்டு. 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பது அங்கே வழக்கமான விகிதம். கேட்க 15 சதவீதம் போலத்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கில் 390 சதவீதம். இரண்டு வாரம் கழித்து 115 கொடுக்க முடியாதவர் 15 மட்டும் கொடுத்துக் கடனை நீட்டிக்கொள்கிறார். இப்படி எட்டு முறை நீட்டினால் 120 டாலர் கட்டியாயிற்று. 100 டாலர் கடன் அப்படியே நிற்கும். விதிவிலக்கான சிலருக்கு நேர்வது என்று இதை ஒதுக்கவும் முடியாது: இத்தகைய கடன்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பதினான்கு நாட்களுக்குள் நீட்டிக்கப்படுகின்றன, அல்லது அடுத்த கடனாக மாறுகின்றன என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014 இல் கண்டது. ஒரே முறை கடன் வாங்கி முடித்துவிடும் வாடிக்கையாளரை வைத்து இத்தொழில் நடக்காது.

பிரிட்டன் 2015 ஜனவரியில் இத்தகைய குறுங்கடன்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. சில நிறுவனங்கள் விலகின. கடன் மறுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மறுக்கப்பட்டவர்கள் சட்டவிரோதக் கந்துவட்டிக்காரர்களை அதிகமாக நாடியதற்குச் சான்று இல்லை என்று அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2017 இல் தெரிவித்தது. பழைய இந்து சட்டத்திலும் 'தாம்துபட்' என்று ஒரு விதி உண்டு. எந்த நேரத்திலும் வட்டிப் பாக்கி அசலைத் தாண்டக் கூடாது என்பதே அது. இலண்டன் எட்டுவதற்கு இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

கேள்வி: ஏழைகளுக்கு நிதி அறிவு இல்லை. வரவுக்குள் செலவு செய்யவும் சேமிக்கவும் கற்றுக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து.

பதில்: இந்தக் கருத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250 க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவுசெலவை ஆய்வாளர்கள் ஓராண்டு நாட்குறிப்புப்போல எழுதிப் பார்த்தார்கள். கையில் கிடைப்பதை உடனே தின்று தீர்ப்பவர்கள் என்ற பிம்பம் முதல் மாதத்திலேயே உடைந்தது. உறவினரிடம் கைமாற்று, சேமிப்புக் குழு, முதலாளியிடம் முன்பணம், அண்டைவீட்டாருக்குக் கொடுத்துவைத்த பணம் என்று ஒவ்வொரு குடும்பமும் பல கணக்குகளை ஒரே நேரத்தில் நினைவில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. வருமானம் குறைவு என்பதைவிட, அது என்று வரும், எவ்வளவு வரும் என்று தெரியாததே அவர்களை அதிகம் வாட்டியது.

விஜயவாடாவில் வீடுவீடாகச் சென்று சேமிப்பு வசூலிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு உண்டு. வாடிக்கையாளரிடம் ஓர் அட்டை. அதில் 220 கட்டங்கள். நாளுக்கு ஒரு கட்டமாகப் பணம் கொடுத்து நிரப்பினால், முடிவில் 200 கட்டங்களுக்கான பணம் திரும்ப வரும்; இருபது கட்டம் அவளுடைய கூலி. சேமிப்புக்கு வட்டி வாங்காமல், வட்டி கொடுத்துச் சேமிக்கிறார்கள். அறியாமை என்று சிரிக்கத் தோன்றும். பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய காசு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு விலை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிவுக்கும் நட்டத்துக்கும் உள்ள உறவை அறிய விரும்பினால் 1998 ஐ நினைவுகூருங்கள். பொருளியலுக்கான நோபல் பரிசை முந்தைய ஆண்டுதான் பெற்றிருந்த ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் இருவரும் பங்காளிகளாக இருந்த 'லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட்' என்ற முதலீட்டு நிதி சரிந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளை ஏற்பாடு செய்ய, 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடித்தன. நிதி அறிவு வகுப்புக்குப் போங்கள் என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வகுப்புகளின் பயன் பற்றியும் கணக்கு உண்டு: 201 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014 ஆம் ஆண்டு ஆய்வொன்று, மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே அவ்வகுப்புகளால் விளக்க முடியும் என்றது. வருமானம் குறைந்தவர்களிடம் பயன் அதைவிடவும் குறைவு.

கேள்வி: வங்கி என்பது ஒருவர் சேமிப்பை வாங்கி மற்றவருக்குக் கடன் கொடுக்கும் இடைத்தரகர்தானே?

பதில்: பாடநூல்கள் நெடுங்காலம் அப்படித்தான் எழுதின. வங்கி கடன் கொடுக்கும்போது கடனாளியின் கணக்கில் அத்தொகையை வரவு வைக்கிறது. அந்தக் கணத்தில் புதிய வைப்புத்தொகை பிறக்கிறது, யாருடைய சேமிப்பும் குறைவதில்லை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014 இல் தன் காலாண்டிதழில் இதைத் தெளிவாகவே எழுதியது. எனவே பணத்தைப் புதிதாக எந்தக் கைக்குப் பிறப்பிப்பது, வீட்டுமனைச் சூதுக்கா, பட்டறைக்கா என்ற முடிவு, இலாபம் ஒன்றையே பார்க்கும் தனியார் வங்கிகளிடம் பெருமளவு விடப்பட்டிருக்கிறது. இதைப் பொதுவிவகாரமாகக் கருதி அதிகம் பேசாமல் இருப்பது எனக்குப் புதிராகவே இருக்கிறது.

கேள்வி: 2008 இல் அமெரிக்க வங்கிகளைக் காப்பாற்றிய பணம் இலாபத்தோடு திரும்பி வந்துவிட்டது. பிறகும் ஏன் அதைக் கொள்ளை என்கிறார்கள்?

பதில்: வங்கிகளுக்குக் கொடுத்த பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது உண்மை, அதை மறைத்துப் பேசுவோர் தங்கள் வாதத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் எப்படித் திரும்பி வந்தது என்று கேளுங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதமே 70,000 கோடி டாலர் வரை செலவிட அரசுக்கு அனுமதி தரும் சட்டம் நிறைவேறியது. மற்ற வங்கிகளுக்கு அன்று கிடைத்தது அவகாசம். சந்தையில் யாரும் வாங்க முன்வராத பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு விற்கத் தேவையில்லாமல், மத்திய வங்கியின் மலிவான கடனில் மூச்சுவிட்டுக்கொண்டு, விலை திரும்பும்வரை காத்திருக்க அவற்றால் முடிந்தது. காத்திருக்க முடிந்தவர் கடனைத் திருப்பிக் கட்டுவதில் அதிசயம் இல்லை.

வீட்டுக் கடனாளிக்கும் அந்த அவகாசம் கிடைத்ததா? அமெரிக்கத் திவால் சட்டப்படி, ஒருவர் வசிக்கும் முதன்மை வீட்டின் அடமானக் கடனை நீதிபதி குறைத்து எழுத முடியாது. விடுமுறைக்குப் போய்த் தங்கும் இரண்டாவது வீடு என்றால், வாடகைக்கு விடும் வீடு என்றால், குறைக்கலாம். ஒரே வீடு உள்ளவருக்கு இல்லாத சலுகை இரண்டு வீடு உள்ளவருக்கு உண்டு. இதை மாற்ற வந்த திருத்தத்தை 2009 ஏப்ரலில் செனட் நிராகரித்தது. அந்த ஆண்டு அறிவித்த கடன் சீரமைப்புத் திட்டம் 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவதை இலக்காகச் சொன்னது; இலக்கை நெருங்கவே இல்லை. இலட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போயின.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அரசு 18,000 கோடி டாலருக்கும் மேல் பொறுப்பேற்றுக் காப்பாற்றிய ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம், தன்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிரிவின் அலுவலர்களுக்கு 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்தது. நாடே கொதித்தபோது சொல்லப்பட்ட விடை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், மீற முடியாது என்பது. அதே ஆண்டில் மோட்டார் வாகனத் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தங்கள், நிறுவனங்களைக் காப்பாற்றுவதற்கான நிபந்தனையாகத் திருத்தி எழுதப்பட்டன.

கேள்வி: முதலாளித்துவமும் உலகமயமும்தான் கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து மீட்டன. புள்ளிவிவரமே சொல்லும்போது இந்தப் புலம்பல் எதற்கு?

பதில்: புலம்பல் என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறேன், புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உலக வங்கி 1990 இல் நாளுக்கு ஒரு டாலர் என்ற வறுமைக் கோட்டைப் பிரபலமாக்கியது. விலைவாசிக்கேற்ப அது உயர்ந்துகொண்டே வந்து, 2025 ஜூனில் 3 டாலர் ஆயிற்று. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு வாங்கலாமோ அவ்வளவை அந்தந்த நாட்டில் வாங்கப் போதுமான பணம் என்று இதற்குப் பொருள். நாணய மாற்று விகிதத்தை வைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள். இந்தக் கோட்டுக்குக் கீழே இன்று சுமார் 80 கோடிப் பேர். இதற்கு முன்பிருந்த 2.15 டாலர் கோட்டின்படி 1990 இல் சுமார் 200 கோடிப் பேர் இருந்தார்கள். அது அண்மையில் 70 கோடிக்கு இறங்கியிருந்தது. மனித வரலாற்றில் இது பெரிய செய்தி. குறைத்துச் சொல்பவன் அல்லன் நான்.

ஆனால் அந்த இறக்கத்தின் மிகப் பெரிய பங்கு சீனாவுடையது. பெரிய வங்கிகளை அரசின் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்நிய மூலதனம் நினைத்தபோது வந்து போவதைத் தடுத்து, நிலத்தைத் தனியுடைமையாக்காமல் ஏறிய நாடு அது. சந்தை அங்கே பெரும்பங்கு ஆற்றியது உண்மை. நிதிச் சந்தைக்குக் கடிவாளம் இருந்ததும் உண்மை. இந்த வெற்றியைக் கட்டற்ற நிதிமுதலின் கணக்கில் வரவு வைப்பது, ஒருவர் உழுத வயலுக்கு வேறொருவர் பெயரில் பட்டா எழுதுவதுபோல. நாளுக்கு 6.85 டாலர் என்ற சற்று உயர்ந்த கோட்டை எடுத்தால், உலக மக்களில் 44 சதவீதம் அதற்குக் கீழே என்று உலக வங்கியே 2024 இல் எழுதியது. மக்கள்தொகை பெருகியதால், அந்தத் தலைகளின் எண்ணிக்கை 1990 இலிருந்து ஏறக்குறைய மாறவே இல்லை.

கோட்டைப் பற்றி இன்னொரு சொல். ஆடம் ஸ்மித் 1776 இலேயே இதை யோசித்திருக்கிறார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையில்லை, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் அது இல்லாமல் ஒரு கூலித் தொழிலாளி வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான் என்று விளக்கி, ஆகவே அதுவும் அத்தியாவசியம் என்றார். முதலாளித்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் வெட்கத்தையும் வறுமைக் கணக்கில் சேர்த்தார். மேலே சொன்ன டாலர் கோடுகள் அதைச் சேர்ப்பதில்லை.

கேள்வி: நாடுகள் விரும்பித்தான் கடன் வாங்குகின்றன. ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டுக் கொடுத்தவரைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: ஊதாரி ஆட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹைதியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அடிமைகளாக இருந்தவர்கள் போராடி 1804 இல் விடுதலை பெற்ற நாடு. 1825 இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய தோட்ட உடைமையாளர்கள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டார். இழந்த சொத்தில் அந்த மனிதர்களும் அடக்கம். முதல் தவணையைக் கட்ட ஹைதி பிரெஞ்சு வங்கியாளர்களிடமே 3 கோடி கடன் வாங்கிற்று; கழிவு போகக் கைக்கு வந்தது 2.4 கோடி. 1838 இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்கள் அடைந்து முடிந்தது 1947 இல்.

பழங்கதை என்பீர்கள். 1979 இல் ஜாம்பியா ருமேனியாவிடம் கடனாக டிராக்டர் முதலிய இயந்திரங்கள் வாங்கியது, கட்ட முடியவில்லை. பாக்கியை மிகக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ள இரு அரசுகளும் பேசிக்கொண்டிருந்த வேளையில், 1999 இல், டொனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இடையில் புகுந்து அந்தக் கடன்பத்திரத்தைச் சுமார் 33 இலட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு இலண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்கு. 2007 இல் ஏறத்தாழ 1.5 கோடி டாலருக்குத் தீர்ப்பு. மற்ற நாடுகள் கடனைத் தள்ளுபடி செய்ததால் ஜாம்பியாவின் கையில் மிஞ்சிய பணத்திலிருந்துதான் இதைக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய 'பிணந்தின்னி' நிதிகளைக் கட்டுப்படுத்தப் பிரிட்டன் 2010 இல் சட்டம் கொண்டுவந்தது.

வட்டி என்பது, பணம் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்குக் கொடுக்கும் விலை. விலையை வாங்கிக்கொண்டு ஆபத்தை ஏற்க மறுப்பவரைச் சந்தைக்காரர் என்று சொல்வது சந்தைக்கே அவமதிப்பு.

கேள்வி: கடனைத் தள்ளுபடி செய்துகொண்டே போனால், நாணயமாகக் கட்டுபவர் முட்டாளாகிவிட மாட்டாரா?

பதில்: நாணயமாகக் கட்டியவரின் மனக்குறை எனக்குப் புரிகிறது, தள்ளுபடி எதையும் தேர்தல் நேரத்துப் பரிசாக அறிவிக்கக் கூடாது என்பதும் என் கருத்து. ஆனால் கடனைக் குறைப்பது ஒழுக்கத்தைக் கெடுக்கும் புதுப்பழக்கம் என்பது வரலாற்றோடு பொருந்தாது. பண்டைய மெசொப்பொத்தேமிய (இன்றைய ஈராக் பகுதி) மன்னர்கள் மக்களின் கடன்களை அவ்வப்போது அழித்து ஆணை பிறப்பித்தார்கள்; கடனுக்காக அடிமையானவர்கள் வீடு திரும்பினார்கள். விடுதலையைக் குறிக்கும் 'அமர்கி' என்ற சுமேரியச் சொல்லின் நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல்.

நம் காலத்துக்கு அருகில் 1953 பிப்ரவரி 27 அன்று இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்குப் பின் மேற்கு ஜெர்மனி சுமந்துகொண்டிருந்த வெளிக்கடனில் ஏறத்தாழ பாதியை, கிரேக்கம் உள்ளிட்ட கடன்கொடுத்த நாடுகள் விட்டுக்கொடுத்தன. மீதியையும் ஏற்றுமதி உபரியிலிருந்து மட்டும் கட்டினால் போதும் என்று ஏற்பாடு. பணம் திரும்ப வேண்டுமானால் கொடுத்தவர்கள் ஜெர்மன் பொருளை வாங்கியாக வேண்டும். கடனாளி தொழில் செய்து நிமிர்வதில் கடன் கொடுத்தவருக்கும் அக்கறை வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வெளியிட்ட பத்திரங்களின் வட்டிப் பாக்கியில் ஒரு பகுதியை, இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனியே ஒதுக்கிவைத்தார்கள். 1990 இல் நாடு இணைந்தது. பாக்கியின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டிய நாள் 2010 அக்டோபர் 3.